கழிவுநீர்ச் சுத்திகரிப்பு: கட்டும் செலவா, ஓட்டும் செலவா?

வைகறை எழுதியது:

ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வாழும் ஒரு குடியிருப்புப் பகுதிக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதற்கான ஆலோசனைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். வீடுகளிலிருந்து வரும் நீரைத் தவிர ஆலைக் கழிவு எதுவும் இதில் கலக்காது. ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்று வைத்து, 1,500 கன மீட்டர் கொள்ளளவு கணக்கிடப்பட்டிருக்கிறது. சுத்திகரித்த நீர் அருகிலுள்ள சிறிய ஆற்றில் விடப்படும். மழையில்லாத மாதங்களில் அந்த ஆற்றில் நீரோட்டம் மிகவும் குறைந்துவிடும்.

மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன. முதலாவது, நிரப்புதல், காற்றூட்டல், படியவிடுதல், வடித்தல் ஆகிய அனைத்தையும் ஒரே தொட்டியில் மாறி மாறிச் செய்யும் எஸ்பிஆர் முறை. இரண்டாவது, மெம்பரேன் எனப்படும் நுண்துளைச் சவ்வு வடிகட்டியோடு கூடிய எம்பிஆர் முறை. மூன்றாவது, யுஏஎஸ்பி எனப்படும் காற்றில்லாச் செரிமானக் கலனில் முதலில் செலுத்தி, அதன்பின் குளங்களில் தங்கவைத்து வெளியேற்றும் முறை. மூன்றுக்கும் கட்டுமானச் செலவு வரி வரியாகத் தரப்பட்டிருக்கிறது. இருபது ஆண்டுகள் ஓட்டும்போது என்ன ஆகும், ஆற்றுக்கும் காற்றுக்கும் நிலத்துக்கும் எவ்வளவு போய்ச் சேரும் என்பதை ஒப்பிட மட்டும் எங்களிடம் வழியில்லை. இத்துறையில் இருப்பவர்கள் விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.

தெளிநீர் எழுதியது:

வைகறை அவர்களுக்கு வணக்கம். சுத்திகரிப்பு நிலையங்களை இயக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முன்மொழிவில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும் செலவு, ஒரு முறை செய்து முடிக்கும் செலவு. ஒரு நிலையத்தை வாழவைப்பதும் கைவிடப்படச் செய்வதும் நாள்தோறும் வரும் இரண்டு செலவுகள்தாம்: காற்றை உள்ளே செலுத்தும் செலவு, கசடை வெளியே எடுக்கும் செலவு. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் மூன்று முறைகளையும் நீங்களே ஒப்பிட முடியும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு நாளில் கழிவுநீரில் சேர்க்கும் கரிமப் பொருளை, அதைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவாகக் கணக்கிடுவது வழக்கம். பிஓடி என்று சொல்லப்படும் இந்த அளவு, ஐரோப்பியக் கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 60 கிராம். பத்தாயிரம் பேருக்கு 600 கிலோ. இதனுடன் ஆளுக்கு 11 கிராம் அளவில் நைட்ரஜனும் வருகிறது. அதில் பெரும்பகுதி அமோனியாவாக இருக்கும். மொத்தம் 110 கிலோ. ஒரு கிலோ அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற 4.57 கிலோ ஆக்சிஜன் வேண்டும். கரிமப் பொருளுக்கு ஒன்று, அமோனியாவுக்கு ஒன்று என இரண்டையும் கூட்டினால் நாளொன்றுக்கு ஒரு டன் ஆக்சிஜனை நீருக்குள் கரைக்க வேண்டியிருக்கிறது. ஆக்சிஜனோ நீரில் எளிதில் கரைவதில்லை. காற்றைத் தள்ளும் ப்ளோவர் ஓயாமல் ஓடுவதன் காரணம் இதுதான். காற்றூட்டல் முறையில் இயங்கும் நிலையத்தின் மின்கட்டணத்தில் பாதியோ அதற்கு மேலோ அந்த ஓர் இயந்திரத்துக்கே போகிறது.

அடுத்தது கசடு. கழிவுநீரில் இருந்த கரிமப் பொருள் மறைந்துவிடுவதில்லை. அதில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் கார்பன் டை ஆக்சைடாக வெளிவிடுகின்றன. மறு பகுதியைத் தம் உடலாக மாற்றிக்கொண்டு பெருகுகின்றன. ஒரு கிலோ பிஓடியை நீக்கினால் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை உலர்ந்த எடையில் கசடு உண்டாகும். உங்கள் நிலையத்தில் நாளொன்றுக்கு 400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குச் சிறிய அளவாகத் தோன்றும். ஆனால் தொட்டியிலிருந்து எடுக்கும்போது அது நூற்றுக்கு ஒரு பங்கு திடப்பொருளும் மீதி நீருமாக இருக்கும். அதாவது 40 கன மீட்டர், நான்கு பெரிய டேங்கர் லாரிகள். இயந்திரத்தில் பிழிந்து 20 விழுக்காடு திடப்பொருளாக்கினால் அதே கசடு 2 கன மீட்டராகச் சுருங்கிவிடும். அப்படிப் பிழிந்த பின்னும் அதில் ஐந்தில் நான்கு பங்கு நீர்தான். ஒவ்வொரு நாளும், இருபது ஆண்டுகளும், இது எங்கேனும் போயாக வேண்டும். மூன்று முன்மொழிவுகளிலும் கசடு எங்கே போகும் என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். “முறைப்படி அப்புறப்படுத்தப்படும்” என்ற ஒரே வரியோடு முடித்திருந்தால், அந்த முன்மொழிவு பாதியில் நிற்கிறது என்று பொருள்.

மணற்படுகை எழுதியது:

தெளிநீர் அவர்கள் சொன்னதைப் பணக்கணக்கு பார்ப்பவரின் பக்கத்திலிருந்து தொடர்கிறேன். நாட்டுக்கு நாடு மின்கட்டணமும் கூலியும் மாறுவதால் ஒப்பீட்டை யூனிட் கணக்கிலேயே வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் ஊர் விலையைப் பிறகு பெருக்கிக்கொள்ளலாம். வழக்கமான காற்றூட்டல் முறை ஒரு கன மீட்டர் கழிவுநீருக்கு 0.3 முதல் 0.6 யூனிட் வரை மின்சாரம் எடுக்கும். எம்பிஆர் முறைக்கு 0.6 முதல் 1 யூனிட் வரை ஆகும். சிறிய நிலையங்களில் அதையும் தாண்டும். மெம்பரேன் மேல் கசடு படியாமலிருக்க அதன் அடியிலிருந்து தனியாகக் காற்றைப் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கூடுதலுக்கு முதன்மைக் காரணம்.

எஸ்பிஆர் 0.5, எம்பிஆர் 0.9 என்று கொள்வோம். வேறுபாடு 0.4 யூனிட். நாளொன்றுக்கு 600 யூனிட், இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 44 லட்சம் யூனிட். மெம்பரேனின் ஆயுளைப் பத்தாண்டு என்று வைத்தாலும், இந்தக் காலத்துக்குள் ஒரு முறை முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டியிருக்கும். அது கட்டுமானச் செலவில் மறைந்திருக்காது, இயக்கச் செலவிலும் ஆண்டுதோறும் தெரியாது. திடீரென்று ஓர் ஆண்டில் வந்து நிற்கும் அந்தத் தொகைக்கென இன்றிலிருந்தே ஒரு நிதி ஒதுக்கிவராத அமைப்பு, அந்த ஆண்டில் திகைத்துப் போகும். தொட்டியின் அடியில் காற்றைக் குமிழ்களாக வெளிவிடும் டிஃப்யூசர்களின் ரப்பர் உறைக்கும் இதே கதைதான். அவற்றின் ஆயுள் இன்னும் குறைவு.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். குழாய்க் கட்டமைப்பு இந்த மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா? வீடுகளிலிருந்து நிலையம் வரை புதைக்கும் குழாய்கள், ஆளிறங்கு குழிகள், இடைப் பம்ப் நிலையங்கள் ஆகியவற்றின் செலவு பல இடங்களில் சுத்திகரிப்பு நிலையத்தின் செலவையே மிஞ்சிவிடும்.

வைகறை எழுதியது:

குழாய்கள் தனித் திட்டமாக ஏற்கெனவே ஒப்புதல் பெற்றுவிட்டன. அதனால் அது இங்கே சேராது. கசடு பற்றித் தெளிநீர் அவர்கள் சொன்னது சரிதான், இரண்டு முன்மொழிவுகளில் அந்த ஒற்றை வரிதான் இருக்கிறது. மூன்றாவதில் அதுகூட இல்லை. கசடை ஒழுங்காக எடுக்காவிட்டால் உடனடியாக என்ன நேரும்? குழுவில் சிலர், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

தெளிநீர் எழுதியது:

பிறகு பார்க்க முடியாது என்பதை உங்கள் குழுவுக்கு எப்படியாவது புரியவையுங்கள். காற்றூட்டல் முறை எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் காரணம் தானாக விளங்கும்.

1914-இல் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் ஆகிய இருவரும் தம் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தினால் அது தூய்மையடையும் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அதற்கு வாரக்கணக்கில் ஆனது. இவர்கள் ஒவ்வொரு முறையும் தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்ததைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றினார்கள். படிவு சேரச் சேர, வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரு நாளுக்குள் முடியலாயிற்று. இன்று உங்களுக்கு வந்திருக்கும் எஸ்பிஆர் முறை, நிரப்பி வடிக்கும் அதே சோதனையின் நேர் வாரிசு.

ஆக, வேலை செய்வது கசடுதான். அது குறைந்தாலும் தொல்லை, மிகுந்தாலும் தொல்லை. எங்கள் தொழிலில் தினமும் காலையில் செய்யும் சோதனை ஒன்று உண்டு. காற்றூட்டல் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரைக் கண்ணாடி உருளையில் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு முப்பது நிமிடம் காத்திருப்போம். காப்பித்தூள் நிறத்திலிருக்கும் கலங்கல் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, மேலே தெளிந்த நீரை விட்டுவிட்டு மெல்லக் கீழிறங்கும். முப்பது நிமிட முடிவில் அது 300 மில்லி குறியில் நிற்கிறது, தொட்டியில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் திடப்பொருள் இருக்கிறது என்றால், ஒரு கிராம் கசடு 100 மில்லி இடத்தைப் பிடிக்கிறது என்று கணக்கு. இது நல்ல கசடு. அதே எண் 200-ஐத் தாண்டினால் இழை போன்ற பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன, கசடு ஊதிப் பருத்துவிட்டது என்று புரிந்துகொள்வோம்.

நான் நேரில் பார்த்த ஒரு நிலையத்தில், கசடை ஏற்றிச் செல்ல ஒப்பந்தம் எடுத்தவருக்குப் பணம் வராததால் லாரி வருவது நின்றது. பிழிந்த கசடை வைக்க இடமில்லாமல், தொட்டியிலிருந்து கசடு எடுப்பதையே நிறுத்தினார்கள். முதல் சில வாரங்கள் எதுவும் தெரியவில்லை. வெளியேறும் நீர் முன்பைவிடத் தெளிவாகக்கூட இருந்தது. பிறகு தொட்டியில் திடப்பொருள் இரு மடங்காயிற்று, ப்ளோவரால் அத்தனை உயிர்களுக்கும் ஆக்சிஜன் தர முடியவில்லை, படிவுத் தொட்டியில் கசடுப் படுகை மேலேறிக்கொண்டே வந்தது. ஒரு மழை இரவில் நீர்வரத்து கூடியதும் அத்தனையும் வழிந்து ஆற்றுக்குள் போய்விட்டது. பல வாரங்களாக நீரிலிருந்து பிரித்தெடுத்ததை ஒரே இரவில் ஆற்றிலேயே கொட்டியது போலாயிற்று. அந்த நிலையத்தின் ஆவணங்களில் இயந்திரக் கோளாறு எதுவும் பதிவாகவில்லை, ஏனெனில் எந்த இயந்திரமும் பழுதாகவில்லை.

ஆம்பல் எழுதியது:

நான் நீர்நிலைகளின் சூழலியலில் பணிபுரிகிறேன். மூன்றாவது முன்மொழிவைக் குழு அலட்சியமாக ஒதுக்கிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். காற்றில்லாக் கலனுக்கு ப்ளோவர் தேவையில்லை. கரிமப் பொருளில் பெரும்பகுதி மீத்தேனாக மாறிவிடுவதால் கசடும் காற்றூட்டல் முறையைவிடப் பல மடங்கு குறைவு. கழிவுநீரில் இருக்கும் கரிமப் பொருள் உண்மையில் எரிபொருள். அதை வேதி முறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவை சிஓடி என்பார்கள்; ஒரு கிலோ சிஓடியில் ஏறத்தாழ 3.9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அந்த எரிபொருளை அழிப்பதற்கு நாம் மின்சாரம் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். நெதர்லாந்தில் கட்சே லெட்டிங்கா என்ற அறிஞர் 1970-களில் உருவாக்கிய யுஏஎஸ்பி கலன், எளிய அமைப்பில், குறைந்த ஆற்றலில், வெப்பநாடுகளிலும் ஏழை ஊர்களிலும் இயங்கக்கூடியது.

குளங்களின் சிறப்பு வேறு. பல நாள் தங்கல், சூரிய ஒளி, பாசி உண்டாக்கும் காரத்தன்மை ஆகியவை நோய்க்கிருமிகளைக் கொல்கின்றன. குடற்புழு முட்டைகள் அடியில் படிந்துவிடுகின்றன. வெப்பமான பகுதிகளில் ஆளுக்கு இரண்டிலிருந்து மூன்று சதுர மீட்டர் என்று கொண்டால், பத்தாயிரம் பேருக்கு இரண்டு முதல் மூன்று ஹெக்டேர் நிலம் போதும். முதலில் யுஏஎஸ்பி இருப்பதால் இன்னும் குறையலாம். மின்சாரம் நின்றாலும் குளம் நிற்காது. இயக்கத் திறன் குறைந்த அமைப்புகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான முறை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கூர்நோக்கு எழுதியது:

ஆம்பல் அவர்களின் கருத்தில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன்; ஆயினும் ஆய்வகத்தில் இருப்பவள் என்பதால் இரண்டு எண்களைக் கூடவே வைக்காமல் விட முடியாது.

முதலாவது, கரைந்த மீத்தேன். கலனுக்கு மேலே சேரும் வாயுவைப் பிடித்து எரித்துவிடலாம். வெளியேறும் நீரிலேயே கரைந்திருக்கும் மீத்தேனை அப்படிப் பிடிக்க முடியாது. 25 பாகை செல்சியசில் தூய மீத்தேன் லிட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம் கரையும். கலனிலுள்ள வாயுவில் நாலில் மூன்று பங்கு மீத்தேன் என்றால் 15 மில்லிகிராம் கரைந்திருக்கும். வைகறை அவர்களின் 1,500 கன மீட்டருக்கு இது நாளொன்றுக்கு 22 கிலோவுக்கு மேல். இந்த மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்கு வெப்பம் சேர்க்கக் கூடியது. எனவே 600 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அடுத்துள்ள குளத்தில் நீர் சலசலத்து விழும் இடத்தில் பெரும்பகுதி காற்றில் கலந்துவிடும்.

இரண்டாவது, காற்றூட்டல் முறையும் குற்றமற்றதன்று. அமோனியாவை நைட்ரேட்டாகவும் பிறகு நைட்ரஜன் வாயுவாகவும் மாற்றும் வழியில் நைட்ரஸ் ஆக்சைடு சிறிது தப்பிச் செல்கிறது. இது 273 மடங்கு வலிமையுள்ள வாயு. பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் 2019-ஆம் ஆண்டுத் திருத்த வழிகாட்டி, உள்ளே வரும் நைட்ரஜனில் 1.6 விழுக்காடு இவ்வாறு வெளியேறுவதாகக் கொள்ளச் சொல்கிறது. 110 கிலோ நைட்ரஜனுக்கு 2.8 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. அதாவது 750 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இதே நிலையம் எடுக்கும் 750 யூனிட் மின்சாரத்துக்கு, யூனிட்டுக்கு அரை கிலோ என்று கணக்கிட்டால் 375 கிலோதான் வருகிறது. மின்கட்டண ரசீதில் தெரியும் பாதிப்பைவிட, எந்த ரசீதிலும் தெரியாத இந்த வாயுவின் பாதிப்பு இரு மடங்கு! 1.6 என்பது ஒரு சராசரி. நிலையத்துக்கு நிலையம் பத்து மடங்குக்கு மேலும் மாறக்கூடும். ஆக்சிஜன் அரைகுறையாக இருக்கும்போதும், அமோனியாச் சுமை திடீரென்று ஏறும்போதும்தான் இது கூடுகிறது. ஆகவே நிதானமாக, ஒரே சீராக ஓட்டப்படும் நிலையம் வளிமண்டலத்துக்கும் நல்லது.

ஆம்பல் எழுதியது:

கரைந்த மீத்தேன் உண்மையான குறைபாடு, மறுக்கவில்லை. யுஏஎஸ்பியிலிருந்து வரும் நீரை மூடிய ஓர் அறையில் விழச்செய்து, அங்கே பிரியும் வாயுவை உறிஞ்சி எரிக்கும் ஏற்பாட்டை முன்மொழிவில் கேட்டு வாங்கலாம். முற்றிலும் நீங்காவிட்டாலும் கணிசமாகக் குறையும்.

ஆனால் என் பெரிய கவலை ஆறு. முன்மொழிவுகளை மதிப்பிடும்போது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். 1912-இல் பிரிட்டனின் அரச ஆணையம், பிஓடி 20, மிதக்கும் திடப்பொருள் 30 என்று பரிந்துரைத்தது. உலகெங்கும் அந்த 20, 30 இன்றும் எதிரொலிக்கிறது. அந்த ஆணையம் அதை ஒரு நிபந்தனையோடு சொன்னது: நீரை ஏற்கும் ஆறு அதைக் குறைந்தது எட்டு மடங்கு நீர்த்துப்போகச் செய்ய வேண்டும். நிபந்தனை மறக்கப்பட்டு, எண் மட்டும் நின்றுவிட்டது. வைகறை அவர்களின் ஆற்றில் வறண்ட மாதங்களில் எட்டு மடங்கு நீர் இருக்குமா? ஒரு வேளை நிலையத்திலிருந்து வரும் நீரே ஆறாக ஓடக்கூடும். அப்படியானால் அமோனியாவும் பாஸ்பரசும்தான் முடிவு செய்யும் எண்கள். வெப்பம் மிகுந்த, காரத்தன்மை கூடிய நீரில் அமோனியாவின் கூடுதலான பங்கு மீன்களுக்கு நஞ்சான வடிவத்துக்கு மாறுகிறது. ஒரு கிராம் பாஸ்பரஸ் நூறு கிராமுக்கும் மேற்பட்ட பாசியை வளர்க்க வல்லது. அந்தப் பாசி மடிந்து அழுகும்போது ஏறத்தாழ 140 கிராம் ஆக்சிஜனை நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிஓடியை மட்டும் நீக்கிப் பாஸ்பரசை விட்டுவிட்டால், நீக்கிய அழுக்கை ஆறு தானே மீண்டும் உற்பத்தி செய்துகொள்ளும்.

மணற்படுகை எழுதியது:

அப்படியானால் யுஏஎஸ்பியும் குளமும் இந்த ஆற்றுக்குப் பொருந்தாது என்றுதானே ஆகிறது? காற்றில்லா முறை அமோனியாவையும் பாஸ்பரசையும் தொடுவதில்லை என்று படித்திருக்கிறேன்.

ஆம்பல் எழுதியது:

ஆற்றில் விட்டால் பொருந்தாது. வயலுக்குப் பாய்ச்சினால் மிக நன்றாகப் பொருந்தும். ஆற்றுக்குக் கேடு செய்யும் அதே நைட்ரஜனும் பாஸ்பரசும் பயிருக்கு உரம். குளத்தில் கிருமியும் புழு முட்டையும் நீங்கிய நீர் பாசனத்துக்கு ஏற்றது. உப்பின் அளவையும் மண்ணின் தன்மையையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே கட்டுப்பாடு. இஸ்ரேலில் நகரக் கழிவுநீரில் மிகப் பெரும்பகுதி வேளாண்மைக்குப் போகிறது. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968-லிருந்து சுத்திகரித்த நீரைக் குடிநீரோடு சேர்த்துவருகிறது. சிங்கப்பூர் 2003-லிருந்து நியூவாட்டர் என்ற பெயரில் தொழிற்சாலைகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் தருகிறது. இவை மூன்றும் வெவ்வேறு தரம், வெவ்வேறு செலவு. நீர் எங்கே போகப்போகிறது என்று முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற முறையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் இவற்றிடையே உள்ள ஒற்றுமை. வைகறை அவர்களின் குழு முறையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது; நீர் போகுமிடம் இன்னும் திறந்த கேள்வியாகவே இருக்கிறது.

வைகறை எழுதியது:

பாசனத்துக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மழைக்காலத்தில் ஆற்றுக்குத்தான் விட வேண்டியிருக்கும். அப்போது ஆற்றில் நீர் நிறைய ஓடும் என்பதால் நிலைமை வேறாகலாம் என்று இப்போது தோன்றுகிறது. எம்பிஆர் பற்றியும் யாரேனும் சொல்லுங்கள். அதிலிருந்து வரும் நீர் கண்ணாடி போல் இருக்கும் என்பதால் குழுவில் அதற்கு ஆதரவு மிகுதி.

கூர்நோக்கு எழுதியது:

கண்ணாடி போல் இருக்கும் என்பது உண்மை. மெம்பரேனின் துளைகள் பாக்டீரியாவைவிடச் சிறியவை. திடப்பொருள் ஏறக்குறைய முற்றிலும் நின்றுவிடும். இடம் குறைவாக உள்ள இடத்திலும், நீரை நேரடியாக மறுபயன்பாட்டுக்கு எடுக்கும் இடத்திலும் அது சிறந்த முறை. ஆனால் கண்ணுக்குத் தெளிவாக இருப்பது வேறு, தூய்மை வேறு. கரைந்திருக்கும் பொருள் மெம்பரேன் வழியே போய்விடும். மருந்து எச்சங்களும் பிஎஃப்ஏஎஸ் போன்ற நிலைத்த வேதிப்பொருள்களும் அப்படிப்பட்டவை. அவற்றை நீக்க ஓசோனோ செயலூட்டிய கரியோ வேண்டும், அதற்குத் தனிச் செலவும் மின்சாரமும் ஆகும். அந்தச் செலவை யார் தருவது என்பதில் ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒரு துணிவான முடிவெடுத்திருக்கிறது: நகரக் கழிவுநீர் குறித்த திருத்திய ஆணையின்படி, இந்தக் கூடுதல் கட்டத்தின் செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும். நீரை அழுக்காக்கும் பொருளை விற்பவரும் பங்கு தரட்டும் என்ற இந்த நியாயத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

கசடுக்கும் இதில் தொடர்புண்டு. நீரிலிருந்து நீங்கிய நிலைத்த வேதிப்பொருள்களிலும் உலோகங்களிலும் ஒரு பகுதி கசடில் சேர்கிறது. சுவிட்சர்லாந்து 2006-லேயே கசடை வயலில் இடுவதைத் தடை செய்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் பிஎஃப்ஏஎஸ் காரணமாக 2022-இல் தடை செய்தது. வீட்டுக் கழிவுநீர் மட்டும் என்பதால் உங்கள் கசடு ஒப்பீட்டளவில் நல்லதாக இருக்கும். ஆனாலும் உரமாகக் கொடுப்பதற்கு முன் உலோகங்களையும் கிருமிகளையும் தொடர்ந்து சோதிக்கும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெளிநீர் எழுதியது:

மின்சாரத்தைக் குறைக்கும் வழிகளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எஸ்பிஆர் எடுத்தால் நுண்குமிழ் டிஃப்யூசரையே வற்புறுத்துங்கள். தூய நீரில், ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் நுண்குமிழிலிருந்து ஏறத்தாழ 6 விழுக்காடு ஆக்சிஜன் கரைகிறது. பெருங்குமிழிலிருந்து அதில் பாதிகூடக் கரைவதில்லை. சோப்பு கலந்த கழிவுநீரில் இரண்டும் குறையும். நுண்குமிழுக்கு அந்தக் குறைவு கூடுதல், ஆனாலும் அதுவே முன்னிற்கும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நின்றால் போதும். ப்ளோவர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி, கரைந்த ஆக்சிஜனை அளக்கும் மானியோடு இணைத்துவிட வேண்டும். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை: அந்த மானியின் முனையில் சில நாள்களிலேயே வழவழப்பான படலம் பிடித்துவிடும். அப்போது நீரில் ஆக்சிஜன் இருந்தும் இல்லையென்று காட்டும். ப்ளோவர் முழு வேகத்தில் ஓடும். ஈரத்துணியால் துடைக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்கு ஆள் இல்லாததால் மாதக்கணக்கில் மின்சாரம் வீணாகும் நிலையங்கள் இருக்கின்றன. ஆகவே பணியாளர் சம்பளத்தை வெட்டி இயக்கச் செலவைக் குறைத்துக்காட்டும் முன்மொழிவை நம்ப வேண்டாம்.

காற்றூட்டலை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதும் எஸ்பிஆரில் எளிது. காற்றில்லாத நேரத்தில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரிமப் பொருளை உண்கின்றன. ஒரு கிலோ நைட்ரேட் நைட்ரஜன் இவ்வாறு நீங்கினால் 2.86 கிலோ ஆக்சிஜன் மிச்சம். அமோனியா நைட்ரேட்டாகும்போது இழந்த காரத்தன்மையில் பாதியும் திரும்பக் கிடைக்கிறது. நைட்ரஜன் ஆற்றுக்குப் போவதும் குறைகிறது. ஒரே செயலில் மின்சாரமும் ஆறும் பயன்பெறும் இடங்கள் இத்துறையில் குறைவு. இது அவற்றில் ஒன்று.

ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் நிலையம் போல, தனக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் கசடிலிருந்து வரும் வாயுவிலேயே உண்டாக்கிக்கொள்ளும் நிலையங்கள் உண்டு. பத்தாயிரம் பேருக்கான நிலையத்தில் கசடுச் செரிமானியும் எரிவாயு இயந்திரமும் வைப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அருகில் பெரிய நிலையம் இருந்தால் கெட்டியாக்கிய கசடை அங்கே அனுப்ப ஒப்பந்தம் செய்துகொள்வது நல்ல வழி.

மணற்படுகை எழுதியது:

பணியாளர் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், மனிதர் உள்ளே இறங்காமல் பராமரிக்கக்கூடிய வடிவமைப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். சம்பிலும் ஆளிறங்கு குழியிலும் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும், பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டும்போது மூக்கு உணர்விழந்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணி இறங்கியவர்கள் மயங்கி விழுந்து, அவர்களைத் தூக்க இறங்கியவர்களும் இறந்த நிகழ்வுகள் எத்தனையோ. பம்ப்பைச் சங்கிலியால் மேலே தூக்கும் வழித்தண்டு, மேலிருந்தே வாரும் சல்லடை, வாயு அளவி, காற்றோட்ட விசிறி ஆகியவை கூடுதல் வசதிகள் என்ற பட்டியலில் வரக் கூடாது. விலையைக் குறைக்கும் பேச்சுவார்த்தையில் முதலில் வெட்டப்படுபவை இவைதாம். அதை நான் பலமுறை மேசையில் உட்கார்ந்து தடுத்திருக்கிறேன்.

கூர்நோக்கு எழுதியது:

மணற்படுகை அவர்கள் சொன்னதை வரிக்கு வரி வழிமொழிகிறேன். கிருமிநீக்கம் பற்றிச் சிறு குறிப்பு: அமோனியா மிஞ்சியிருக்கும் நீரில் குளோரின் சேர்த்தால் குளோரமைன் உண்டாகும், அது மீன்களுக்குக் கொடியது. ஆற்றில் விடும் மாதங்களில் புற ஊதா விளக்கு மேல். ஆனால் நீர் தெளிவாக இருந்தால்தான் ஒளி ஊடுருவும்.

வைகறை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த விவாதத்தைக் குழுவின் முன் வைத்தேன். முறையைத் தேர்ந்தெடுப்பதைத் தள்ளிவைத்துவிட்டு, மூன்று நிறுவனங்களுக்கும் ஒரே படிவத்தை அனுப்ப முடிவாகியிருக்கிறது. ஒரு கன மீட்டருக்கு உறுதியளிக்கும் மின்சாரம், நாளொன்றுக்கு உண்டாகும் கசடின் உலர்ந்த எடை, அது போய்ச்சேரும் இடமும் அதை ஏற்பவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும், அமோனியா, பாஸ்பரஸ் அளவுகள் பருவவாரியாக, மாற்றவேண்டிய உதிரிபாகங்களும் அவற்றின் ஆண்டும், ஆள் இறங்காப் பராமரிப்புக்கான வரைபடம் ஆகிய அனைத்தையும் நிரப்பித் தர வேண்டும். வறண்ட மாதங்களில் பாசனம், மழைக்காலத்தில் ஆறு என்ற பிரிப்பை அடிப்படையாகக் கொண்டு கேட்கிறோம். வேறு ஏதேனும் விடுபட்டிருக்கிறதா?

தெளிநீர் எழுதியது:

நல்ல படிவம். இன்னும் இரண்டைச் சேருங்கள். ஆளுக்கு 150 லிட்டர் என்பது அனுமானம். குழாய் பதிக்கப்பட்ட பகுதியில் ஒரு வாரம் வறண்ட நாள்களிலும் ஒரு வாரம் மழை நாள்களிலும் நீரோட்டத்தை அளந்து, மணிக்கொரு முறை மாதிரி எடுத்து, உண்மையான சுமையைக் கண்டறிந்த பிறகே கொள்ளளவை இறுதி செய்யுங்கள். மூட்டுகள் வழியே நிலத்தடி நீர் கசிந்தால் மழை நாள்களில் வரத்து இரண்டு மூன்று மடங்காகும்.

மற்றது, முதல் சில ஆண்டுகளில் எல்லா வீடுகளும் இணைந்திருக்காது. முழுச் சுமைக்குக் கட்டிய ஒரே பெரிய தொட்டியில் கால்வாசி நீர் மட்டும் வந்தால், கசடு பட்டினியில் சிதறிப்போகும். ப்ளோவரோ தன் குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே இறங்க முடியாமல் தேவைக்கு மேல் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். எனவே கொள்ளளவை இரண்டு சமத் தொட்டிகளாகப் பிரித்து, ஒன்றை மட்டும் முதலில் ஓட்டவும், பிற்காலத்தில் ஒன்றைக் காலி செய்து டிஃப்யூசர் மாற்றும்போது மற்றது சுமையைத் தாங்கவும் ஏற்பாடு கேளுங்கள். ப்ளோவர்களையும் அதேபோல் சிறியவையாக மூன்று வைக்கச் சொல்லுங்கள். இரண்டு ஓட, ஒன்று எப்போதும் தயாராக நிற்கட்டும்.